போயிட்டு வந்த அலை

ருவான்வெல்லை கடைவீதி வழியாக அன்று காலை ஓர் ஓட்டோ போனது. பின்சீட்டில் ஒரு குடை விரித்தபடி உட்கார்ந்திருந்தது. வெளியே வெயிலும் இல்லை, மழையும் இல்லை. குடைக்குப் பின்னால் துப்பறிவாளர் ரெஜினோல்ட் இருந்தார்.

"அண்ணே, அந்தக் கொடைய மடக்குங்க," என்றாள் ஓட்டோவை ஓட்டிய எஸ்தர். "சும்மா உக்காந்திருந்தா ஒருத்தனும் பாத்திருக்க மாட்டான். ஓட்டோவுக்குள்ள கொட பிடிக்கிற மனுசன் யாருன்னு இப்ப ஊரே குனிஞ்சு பாக்குது."

ரெஜினோல்ட் குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

எஸ்தர் அவருடைய உதவியாளர், ஓட்டோவும் அவளுடையதுதான். அந்த ஓட்டோ ஒருமுறை ரம்புக்கனையில் கொழும்பு ரயிலை முந்தியிருக்கிறது. ரயில் அப்போது ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்வதில்லை.

வெட்கம் என்பதை ரெஜினோல்ட் இத்தனை வயது வரை அடுத்தவர் முகத்தில் பார்த்துத்தான் தெரிந்துவைத்திருந்தார். இன்று காலை அது அவரிடமே வந்து சேர்ந்துவிட்டது. சட்டைக்குள் புகுந்த அட்டை மாதிரி. எந்த இடத்தில் என்று தெரியவில்லை, இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

விஷயம் இதுதான். அம்பதெனியத் தோட்டத்தில் றப்பரைப் புகைபோட்டுக் காயவைக்கும் புகைக்கூட்டிலிருந்து, காய்ந்த றப்பர் ஷீட்டுகள் ஓர் இரவில் கட்டுக்கட்டாகக் காணாமல் போயின. தரையில் இழுத்த தடம் ஆற்றங்கரையோடு நின்றது. ஆகவே ஆற்றுவழியாகத்தான் போயிருக்கின்றன. தோட்டத்து ஸ்டோர் கிளாக்கர் சாள்ஸ், ரெஜினோல்டைத் தேடிவந்து வழக்கை ஒப்படைத்தார்.

புகைக்கூட்டுக்கு நேர் எதிரே, களனி கங்கையின் அடியில், ஒரு கருவி கிடந்தது. வெள்ள ஆராய்ச்சிக்காகக் கொழும்பிலிருந்து வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனது. சோற்றுப் பானை அளவு. நமக்குக் கேட்காத சத்தத்தில் அது இடைவிடாமல் கூவும். கூவிய சத்தம் தண்ணீரில் மிதக்கும் தூசியில் பட்டுத் திரும்பும். தூசி கிட்ட வந்தால் கீச்சென்றும், விலகிப் போனால் கட்டைக் குரலாகவும் திரும்பும். பஸ் ஹோர்ன் வரும்போது ஒருமாதிரி, நம்மைத் தாண்டிப் போனதும் ஒருமாதிரிக் கேட்கிறதே, அதே சங்கதிதான். அதற்கு இரண்டு காது. ஒன்று ஆறு வரும் பக்கத்துக்கு, மற்றது ஆறு போகும் பக்கத்துக்கு. கேட்டதையெல்லாம் தண்ணீரின் வேகமாக மாற்றிக் கோடு போட்டுவிடும். ஆற்றோட்டம் ஒரே சீராக ஓடுகிற கோடு. எஞ்சின் தோணி போனால் அலை எழும்பித் தண்ணீர் முன்னும் பின்னும் ஆடும். கோட்டில் பல் முளைக்கும்.

களவு போன இரவில் பெரிய பல் முளைத்தது ஆறு வரும் பக்கத்துக் காதில். அந்தப் பக்கம் எஞ்சின் உள்ள தோணி ஒன்றே ஒன்றுதான்: தோட்டத்து ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் யோகராஜின் தோணி.

இதை ரெஜினோல்ட் நேற்றுப் பெரட்டுக்களத்தில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், தோட்டமே கூடியிருக்க, புகைக்கூட்டுச் சுவரில் சோக்கட்டியால் அலை வரைந்து விளக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். கிளாக்கர் சாள்ஸ் பொன்னாடை போர்த்தினார். கைதட்டியவர்களில் யோகராஜும் ஒருவன். கடைசியில் தன் பெயர் வந்தபோது, தட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் அப்படியே நின்றான். அந்தக் கையைப் பிடித்துத்தான் பொலிஸ் கூட்டிப்போனது.

இன்று விடிந்ததும் அவன் மனைவி விஜயகலா ரெஜினோல்டின் கதவைத் தட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருக்கலாம்.

"எங்க தோணி எஞ்சின் நுஹ்மான் நானா கராஜ்ல கெடக்குங்க. களவு போறதுக்கு முந்தியே கழட்டிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு துடுப்புலதான் ஆள் ஏத்திக்கிட்டு இருந்தாரு. பொலிசுல சொன்னா, டிடெக்டிவ் மாத்தயா மெசின்ல பாத்திருக்காரு, மெசின் பொய் சொல்லாதுங்கிறாங்க. பகல் சாப்பாட்டுக்குப் பொறகு கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்களாம். ரிமாண்ட் பண்ணிருவாங்களாம். நீங்களே போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். நுஹ்மான் நானா அவர்களைக் கராஜின் மூலைக்குக் கூட்டிப்போனார். பழைய பெட்ஷீட்டை விலக்கிக் காட்டினார். உள்ளே யோகராஜின் எஞ்சின், ஒரு பால்மா டின், இரண்டு பேசின், ஒரு சோற்றுக் கோப்பை என நாலு இடத்தில் பிரிந்து கிடந்தது.

"இந்தா ஈக்கி," என்றார் நானா. "இத வெச்சி ஷீட்டு களவெடுத்தான் எண்டா, அவன கோர்ட்டுக்கு அனுப்ப வாணாம். எனக்கிட்ட அனுப்புங்க, வேலைக்கி வெச்சிக்கிறேன்."

ஆக, மனிதன் நிரபராதி. ஆனால் கருவி அவன் பக்கத்தையே காட்டுகிறது. இரண்டில் ஒன்று பொய். பகல் சாப்பாட்டுக்குள் அது எதுவென்று தெரியாவிட்டால் யோகராஜ் உள்ளே.

"ஆத்துக்கு விடு, எஸ்தர்," என்றார் ரெஜினோல்ட் குடைக்குள்ளிருந்து.

*

தோணித்துறையில் தோணி கவிழ்த்துப் போட்டிருந்தது. அக்கரைக்குப் போக வழியில்லாமல், றப்பர் பால் வெட்டிவிட்டு வாளிகளோடு வந்த பெண்கள் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். ரெஜினோல்டைக் கண்டதும் தங்கம்மா எழுந்தாள்.

"ஐயா அலை பாக்க வந்தீங்களா? எங்க வீட்டு அண்டாத் தண்ணியிலயும் ரெண்டு நாளா அலை அடிக்குது. யாரு கலக்குறான்னு பாத்துச் சொல்லிட்டுப் போங்களேன்."

பெண்கள் சிரித்தார்கள். ரெஜினோல்டும் சிரிக்கப் பார்த்தார். முகம் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

எஸ்தர் போனை எடுத்து, கருவி வைத்த பொறியியலாளர் ரோஷானி அனுப்பியிருந்த கோட்டுப்படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

"அண்ணே, அன்னைக்கே கேட்டேன். இந்த ஆத்தோட்டக் கோடு பூச்சியத்துக்குக் கீழ ஓடுதே, ஏன்?"

"நான் என்ன சொன்னேன்?"

"ஆறு தரைக்குக் கீழதானே இருக்கு, அப்ப கோடும் கீழதான் இருக்கும்னு சொன்னீங்க."

ரெஜினோல்ட் கோட்டை மறுபடி பார்த்தார். "ஏன் அப்பவே என்னைத் திட்டல நீ?"

"படிச்சவங்க சொல்றாங்க, ஆத்துக்கு அது ஒரு மரியாத போலன்னு நெனச்சிட்டேன்."

அவர் ரோஷானிக்குப் போன் எடுத்தார். எஸ்தர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். பிறகு அதற்காக வருந்தினார்.

ரோஷானி சிங்களத்தில் கேட்டாள்: "அங்கிள், நான் சரிபார்க்காத டேட்டா அது. அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம் என்று எழுதியிருந்தேனே, பார்த்தீர்களா?"

"பார்த்தேன், மகள்," என்றார் ரெஜினோல்ட். பார்த்த கையோடு மறந்ததைச் சொல்லவில்லை. "கோடு பூச்சியத்துக்குக் கீழே போகிறது. அதற்கு என்ன அர்த்தம்?"

"களனி கங்கை கொழும்பிலிருந்து மலைக்கு ஏறுகிறது என்று அர்த்தம்."

"அப்படி ஏற வாய்ப்பிருக்கிறதா?"

அந்தப் பக்கம் ஒரு பேனா மேசையில் விழும் சத்தம். இந்தப் பக்கம் எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இல்லை அங்கிள்," என்றாள் ரோஷானி பொறுமையாக. "கருவி திரும்பிக் கிடக்கிறது என்று அர்த்தம். அதில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது ஆறு வரும் பக்கம் பார்க்க வேண்டும். அன்றைக்கு நான் மேட்டில் நின்று 'இஹலட்ட, இஹலட்ட' என்று சொன்னேன். தண்ணீரில் இருந்தவருக்கு நீங்கள்தானே தமிழில் சொன்னீர்கள்?"

ரோஷானி வைத்துவிட்ட பிறகும் ரெஜினோல்ட் போனை முகத்துக்கு எதிரே பிடித்தபடி நின்றார்.

உண்மைதான். இஹலட்ட என்றால் சிங்களத்தில் மேல்பக்கமாக என்று அர்த்தம். கருவி இறக்கிய அன்று டீவிக்காரர்கள் வந்திருந்தார்கள். கமெராவைக் கண்டால் ரெஜினோல்டுக்கு மொழி வந்துவிடும். யாரும் கேட்காமலே மொழிபெயர்ப்பாளராகிவிட்டார். தண்ணீரில் இருந்தவன் முத்துவீரன். ஆற்றில் முங்கி மண் அள்ளுகிறவன். அவன் சிங்களம் பேசினால் சிங்களவரே தங்கள் சிங்களத்தைத் திருத்திக்கொள்வார்கள். அவனுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது, மீனுக்குக் குளியலறை தேவைப்பட்ட மாதிரி.

முத்துவீரன் அங்கேதான் கரையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

"முத்துவீரா, அந்த அம்பை எந்தப் பக்கம் வச்ச?"

"நீங்க சொன்ன பக்கம்."

"நான் எந்தப் பக்கம் சொன்னேன்?"

"மேல்பக்கம், மேல்பக்கம்னு தொண்ட கிழியக் கத்துனீங்க. அந்தப் புள்ள இஹலன்னு சொன்னது எனக்கு வெளங்கிச்சு, ஆறு வர்ற பக்கம்னு. அப்படித்தான் மொதல்ல வச்சேன். நீங்க விடல. சரி, ஐயா மேல்கணக்குப் பக்கம்தான் கேக்குறாரு போலன்னு திருப்பி வச்சிட்டேன். கெமராவும் உங்களத்தானே புடிச்சிச்சு."

தோட்டத்துப் பிரிவுகளை அங்கே கணக்கு என்பார்கள். அம்பதெனியத்தில் கீழ்கணக்கு பள்ளத்தில் இருக்கிறது, ஆறு வரும் பக்கம். மேல்கணக்கு குன்றின் உச்சியில் இருக்கிறது, ஆறு போகும் பக்கம். அந்தத் தோட்டத்தில் யாராவது 'மேல்பக்கம்' என்றால் குழந்தைகூட மேல்கணக்கைத்தான் காட்டும். ஆகவே அந்தத் தோட்டத்தில் ஆறு கீழேயிருந்து மேலே ஓடுகிறது. அதில் அங்கே யாருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை, ரெஜினோல்ட் மொழிபெயர்க்க வரும்வரை.

அவர் மெதுவாகத் திரும்பினார். இந்த வழக்கில் முதன்முறையாக ஆற்றைப் பார்த்தார்.

ஒரு றப்பர் கிளை மிதந்து வந்தது. அவரைத் தாண்டி மேல்கணக்குப் பக்கம், எந்த அவசரமும் இல்லாமல் போனது.

*

"அப்ப அலை போனது கீழ்கணக்குக்கு இல்ல, மேல்கணக்குப் பக்கம்," என்றாள் எஸ்தர். "யோகராஜ் வீட்டுக்கு எதிர்ப்பக்கம். பொலிசுக்குப் போவோமா?"

"இது போதாது. கருவி பெரண்டு கெடக்குன்னா, அதை நம்பவே வேணாம்னு தூக்கிப் போட்டுருவாங்க. யாருன்னு காட்டணும்." ரெஜினோல்ட் போனை வாங்கிக்கொண்டு கவிழ்ந்த தோணிமேல் உட்காரப் போனார், யாருடைய தோணி என்பது நினைவுக்கு வர, மண்ணில் உட்கார்ந்தார். "இங்க, பெரிய பல்லுக்குப் பின்னால சின்னச் சின்னப் பல்லா இருக்கே, இது என்ன?"

"மீன்னு சொன்னீங்க."

"மீன்," என்றார் ரெஜினோல்ட், ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்வது போல. "அதே காது. அதே பக்கம். முதல்ல பெரிய அலை, கொஞ்சம் பொறுத்துச் சின்ன அலை. பாரம் ஏத்துன தோணி தண்ணியில அமுங்கிப் போகும், பெரிய அலை கெளப்பும். வெறுந்தோணி மேலால போகும், சின்ன அலை."

"அதனால?"

"நீ ஒரு திருடன்னு வச்சுக்க."

"வச்சுக்கிட்டேன். நீங்க குடுக்கிற சம்பளத்துக்கு அது ஒன்னும் கஷ்டமில்ல."

"புகைக்கூட்டுல திருட தோணியில எப்படி வருவ?"

"வெறுந்தோணியா வருவேன். ஷீட்ட ஏத்திக்கிட்டுப் போவேன்." சொல்லிவிட்டு எஸ்தர் நின்றாள். "ஆனா இது மாறி இருக்கே. பாரத்தோட போயிருக்கு. பொறகுதான் வெறுந்தோணியா வந்திருக்கு."

"ஆமா." ரெஜினோல்டின் குரலில் நேற்றைய பெரட்டுக்கள முழக்கம் இல்லை. "திருடன் வந்துட்டுப் போவான். போயிட்டு வாறேன்னு சொல்றது யாரு? வீட்டாள். அந்தத் தோணி புகைக்கூட்டுலயே நின்னது. அங்கேருந்து போயிருக்கு, அங்கேயே திரும்பி வந்திருக்கு."

புகைக்கூட்டுத் துறையில் கட்டியிருப்பது தோட்டத்துப் போட். அதன் எஞ்சின் சாவி ஒருவர் இடுப்பில்தான் தொங்கும். அந்த இடுப்புக்குரியவர் நேற்று ரெஜினோல்டுக்குப் பொன்னாடை போர்த்தியவர்.

"கிளாக்கர் ஐயா," என்றாள் எஸ்தர் தணிந்த குரலில். பிறகு வழக்கமான குரலில், "அண்ணே, நம்மள வேலைக்கு எடுத்தவரையே புடிச்சா நமக்கு யாரு அண்ணே சாப்பாடு போடுவா?"

ரெஜினோல்ட் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கவில்லை. மேல்கணக்குத் துறையில் மூடிக்கிடக்கும் பழைய பால் ஸ்டோரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். முந்தி றப்பர் பால் சேர்த்த கட்டடம். அந்தச் சாவியும் அதே இடுப்பில்தான்.

*

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் முழுவதையும் கேட்டார். அவர் சிங்களமும் தமிழும் கலந்து பேசுகிறவர். "நேத்து ஒரு ஆள். இன்னைக்கு வேற ஆள். நாளைக்கு என்னையா மாத்தயா?"

"நேத்து நான் சொன்னது பிழை."

சார்ஜன்ட் அவரை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். அப்படி ஒரு வாக்கியத்தை ரெஜினோல்ட் வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. அதற்காகவே தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மூன்று பேரும் மேல்கணக்குப் பால் ஸ்டோருக்குப் பின்னால் கித்துல் மரங்களுக்கிடையில் போய் நின்றார்கள். கதவில் பூட்டு. சன்னல்கள் உள்ளே பலகை அடித்து மூடியிருந்தன. ரெஜினோல்ட் கிளாக்கருக்குப் போன் எடுத்தார்.

"சாள்ஸ், நல்ல செய்தி. ஷீட்டு முழுக்கக் கெடச்சிருச்சு."

"என்னாங்க? எங்க?"

"கீழ்கணக்குல. யோகராஜ் வீட்டுக்குப் பின்னால, செடிப் பத்தைக்குள்ள."

களவு கொடுத்தவன் ஷீட் கிடைத்ததென்றால் கடவுளே என்பான், அப்பாடா என்பான். சாள்ஸ் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"அது எப்படிங்க அங்க போகும்?"

பிறகு அவசரமாக, சந்தோஷம், ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிப் போனை வைத்தார்.

"யாராச்சும் தன்கிட்டயே திருடிட்டாங்களோன்னு பயம்," என்றாள் எஸ்தர். "பாவம், களவு போறது எவ்வளவு கஷ்டம்னு இப்பத்தான் அவருக்கு வெளங்குது."

வெற்றிலை ஒரு வாய் மென்று துப்பும் நேரத்துக்குள் ஆற்றில் எஞ்சின் சத்தம். தோட்டத்துப் போட் துறையில் முட்டி நின்றது. சாள்ஸ் குதித்து இறங்கி, சுற்றிலும் பார்த்து, பால் ஸ்டோர் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து புகை பிடித்த றப்பர் வாசம் ஒரு சொந்தக்காரனைப் போல வெளியே வந்தது. ஷீட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அவர் தொட்டுத் தொட்டுப் பார்த்து மூச்சு விட்டார்.

"ஹரி, ஒக்கோம தியெனவாத?" என்றார் சார்ஜன்ட் பின்னாலிருந்து. "எல்லாம் சரியா இருக்கா, கிளாக்கர் மாத்தயா?"

சாள்ஸ் திரும்பினார். சார்ஜன்டை விட்டுவிட்டு ரெஜினோல்டைத்தான் பார்த்தார். கோபம் இல்லை, ஏமாந்த பார்வை.

"விசாரிச்சிட்டுத்தானே உங்கள எடுத்தேன்," என்றார். "ரம்புக்கனையில ஒருத்தர் இருந்தாரு. நல்ல கெட்டிக்காரர்னு சொன்னாங்க. அவர் வேணாம்னுட்டேன். கூட்டம் சேத்து மேடை போட்டுக் குடுத்தா வேற ஒன்னும் கேக்காத ஆள் நீங்கதான்னாங்க. பொய் சொல்லிட்டானுக."

எஸ்தர் எதையோ சொல்ல வாயெடுத்தாள். ரெஜினோல்டின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். அவள் வாய் ஒன்றும் சொல்லாமல் மூடிய முதல் தடவை அது. கித்துல் மரத்தில் இருந்த காகம்கூட ஆச்சரியப்பட்டு எழுந்து பறந்துவிட்டது.

*

பகல் சாப்பாட்டு வேளைக்கு யோகராஜ் பொலிஸ் நிலையத்திலிருந்து வெளியே வந்தான். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. விஜயகலா போய் அதைச் சரியாகப் போட்டுவிட்டாள். அதைச் செய்து முடித்தபிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ரெஜினோல்ட் படிக்குக் கீழே நின்றார். என்ன சொல்வது என்று மூன்று மொழியிலும் தேடிப் பார்த்தார், ஒன்றிலும் இல்லை.

யோகராஜ் இறங்கி வந்து எதிரே நின்றான்.

"ஐயா, உங்களுக்கு என்னைத் தெரியும்தானே. எத்தன தரம் என் தோணியில வந்திருக்கீங்க. தண்ணிக்கு அடியில கெடக்கிற மெசின்கிட்டக் கேட்டீங்க. தண்ணிக்கு மேல நான் இருந்தேன். என்கிட்ட ஏன் கேக்கல?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். ரெஜினோல்டிடம் சமாளிப்புகளுக்கு என்றும் பஞ்சமில்லை. ஆனால் இன்று அவை எதுவும் வாசல் வரை வரவில்லை.

"கேட்டிருந்தா நீ எஞ்சின் கராஜ்ல கெடக்குன்னு சொல்லியிருப்ப," என்றார். "அதோட முடிஞ்சிருக்கும். எனக்குப் பெரட்டுல நின்னு பேச ஒன்னும் இருந்திருக்காது."

விஜயகலா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அவரும்தான்.

யோகராஜ் அதை மனதுக்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தான். "இத அங்க சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"எப்ப?"

"நாளைக்குக் காலையில பெரட்டுல..."

"அந்திக்குப் பால் கொண்டுவாற நேரம் எல்லாரும் அங்கதான் நிப்பாங்க. இன்னைக்கே சொல்லுங்க. இன்னைக்கு ராவைக்கு எம்புள்ளைங்க அந்தச் சனத்துக்கு நடுவுல, லயத்து வீட்டுலதான் படுக்கணும்."

எஸ்தர் ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினாள். விஜயகலா ஒரு ஓரமாக ஏறி உட்கார்ந்தாள். ரெஜினோல்ட் பின்வாங்கினார். "நீங்க போங்க. நான் நடந்து வாறேன்."

"வேணாங்க," என்றான் யோகராஜ். "நீங்க ஏறுங்க. நடுவுல."

ரெஜினோல்ட் ஏறி விஜயகலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுபக்கம் யோகராஜ் ஏறி உட்கார்ந்து, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். பள்ளம் மேட்டில் விழுந்துவிடாமல் பிடித்தானா, ஓடிவிடாமல் பிடித்தானா என்று ரெஜினோல்ட் கேட்கவில்லை. கடைவீதி முழுக்க ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஓட்டோ அவர்களுக்கு நடுவே, எஸ்தர் வேண்டுமென்றே மெதுவாக ஓட்ட, தோட்டத்தை நோக்கிப் போனது.